தடை போட்டால் மனசு மாறுமா?

பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள நீலகிரியில் அதன் புழக்கம் குறைந்தது அபராதப் பயத்தாலா, மனமாற்றத்தாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாலும்தான். மனம் மாறினால்தான் பழக்கம் மாறும் என்று நினைக்கிறோம். பல நேரம் பழக்கம்தான் முந்திக்கொள்கிறது. செய்கையும் எண்ணமும் முரண்பட்டால் மனம் நெருடும், செய்கைக்கு ஏற்ப எண்ணத்தையே திருத்திக்கொள்ளும் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் விளக்கினார். ஆனால் தண்டனை ரொம்பக் கடுமையாக இருந்தால் இது நடக்காது. 'பயந்து செய்கிறேன்' என்ற காரணமே மனசுக்குப் போதும்.

அப்புறம் அக்கம்பக்கம். குன்னூர் மார்க்கெட்டில் நமக்கு முன்னால் நிற்பவர் துணிப்பையை விரித்துக் கேரட் வாங்கினால், கேரி பேக் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். கடைக்காரர் "பை கொண்டு வரலையாக்கா?" என்று கேட்பது, என்னைக் கேட்டால், அறிவிப்புப் பலகையைவிட அதிகம் வேலை செய்யும்.