முதியோர் இல்லத்தில் உதவ ஆசை. அங்கே போய் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 31. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறு விடுமுறை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் போய் உதவ ஆசை. பயிற்சி எதுவும் கிடையாது. போன வருடம் அலுவலகத்தோடு போய்ச் சாப்பாடு போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம், மனதுக்கு ஒட்டவில்லை. தனியாகப் போனால் என்ன செய்வது, என்ன பேசுவது?

பதில்: பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று சாப்பாடு போட வருகிறவர்களால்தான் பல இல்லங்களில் அடுப்பு எரிகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறு மதியம் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லியே களைத்துப் போகிறவர்களை, செவ்வாய்க்கிழமை எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. வருகிறவர்கள் நிறைய; மறுபடி வருகிறவர்கள்தான் குறைவு. நீங்கள் அந்த இரண்டாவது வகையாக இருக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். ஆறு மாதம் விடாமல் வர முடிகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் முடியாதென்றால் ஒரு மணி நேரம் போதும். ஆனால் கிழமையும் நேரமும் மாறக்கூடாது.

என்னைக் கேட்டால் சனிக்கிழமை மாலை நாலு மணி. காலையில் குளியல், மருந்து, படுக்கை விரிப்பு மாற்றுவது என்று ஊழியர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மதியம் எல்லோரும் படுத்துவிடுவார்கள். காபி குடித்து முடித்தபின் இரவுச் சாப்பாடு வரைக்குமான பொழுதுதான் நீளமாகக் கிடக்கும். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு வெளிச்சம் குறையும் வேளையில் தவிப்பும் கூடும்.

போவதற்கு முன் பொறுப்பாளரைப் பார்த்து, அடையாள அட்டை நகலைக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதல் நாள் முழுக்க அங்குள்ள ஆயாம்மாக்களோடு இருங்கள். யாருக்கு எந்தக் காது கேட்கும், யார் எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதை அவரவரிடமே கேட்டுவிடுங்கள். வயதானவர் என்றால் எல்லோருமே பாட்டி, தாத்தா இல்லை. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவருக்கு "சார்" என்றால்தான் முகம் மலரும். காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதில் முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். கத்தினால் குரல் கீச்சாகி இன்னும் கேட்காமல் போகும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, கனத்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். மறதி உள்ளவரிடம் "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். இறந்துபோன கணவரைப் பற்றி "அவர் இன்னும் வரலியே" என்று ஒரு அம்மா கேட்டால், அவர் போய்ப் பல வருடமாச்சு என்று திருத்த வேண்டாம். அந்தச் சாவுச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பார். "அவருக்கு என்ன சமைச்சா பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும்.

பேச்சே வராத நாளில் கைவேலை இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுங்கள். எண்ணெய்க் கை பட்டு மங்கிப்போன கண்ணாடியோடுதான் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். செய்தித்தாள் படித்துக் காட்டலாம், மகனுக்குப் போன் போட்டுக் கொடுக்கலாம்.

உங்களைப் போன்றவர்கள் இன்னொரு பெரிய உதவியும் செய்ய முடியும்: ஓய்வூதியர்களின் ஆயுள் சான்று, அதாவது ஓய்வூதியம் நிற்காமல் வர, உயிரோடு இருப்பதாக வருடா வருடம் கொடுக்கும் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்கள் அதை நவம்பரில் கொடுக்க வேண்டும்; 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், அது ஓராண்டு செல்லும். உழைத்துத் தேய்ந்த விரல் ரேகை இயந்திரத்தில் பதியாமல் மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பது பாவமாக இருக்கும். 2021-ல் கைப்பேசியிலேயே முகத்தைக் காட்டிச் சான்று அனுப்பும் ஜீவன் பிரமான் வசதி வந்தபின் அந்த அவஸ்தை இல்லை. இல்லத்தின் அலுவலக ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆதார் எண்ணையோ ஓடிபியையோ உங்கள் போனில் சேமிக்காதீர்கள். ஏடிஎம் ரகசிய எண், உயில் சாட்சிக் கையெழுத்து, நகையை வைத்துக்கொள்வது ஆகியவை பக்கமே போகாதீர்கள், அவர்களே கெஞ்சினாலும் சரி.

சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இளநீர்கூட சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து, அதில் பொட்டாசியம் அதிகம். பக்கவாதம் வந்தவர் சிலருக்கு வெறும் தண்ணீரே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். செவிலியரைக் கேட்காமல் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். படுத்திருப்பவரைத் தூக்கி உட்காரவைப்பது பயிற்சி உள்ளவர் வேலை. சக்கர நாற்காலியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக் போட்டிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். லேசான ஜலதோஷம் என்றாலும் அன்று போகாதீர்கள். படம் எடுப்பதானால் அவரிடமும் இல்லத்திலும் கேட்டு எடுங்கள், அதை வெளியில் போடாதீர்கள்.

வேலை மாறி ஊரை விட்டுப் போக நேர்ந்தால், இரண்டு மூன்று வாரம் முன்பே நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். சட்டென்று நின்றுவிட்டால், தான் ஏதோ தவறாகப் பேசிவிட்டோமோ என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயமோ, யாரையாவது கண்டால் நடுங்குவதோ தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் மழுப்பினால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், கட்டணம் இல்லை.