'குரங்கு பெடல்' ரொம்ப மெதுவாகப் போகிறது என்று விமர்சனங்களில் படித்தேன். உண்மையா, பார்க்கலாமா?

மெதுவாகத்தான் போகிறது. ஆனால் அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

2022 கோவா திரைப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கான 'இந்தியன் பனோரமா' பிரிவுக்குத் தேர்வான படம் இது. 2024 மே 3இல் தியேட்டருக்கு வந்தபோது அப்பாவாக நடித்த காளி வெங்கட்டையும் பையன்களையும் பலர் பாராட்டினார்கள். குறை சொன்னவர்களின் கேள்வி ஒன்றுதான்: ராசி அழகப்பனின் சிறுகதையை இயக்குநர் கமலக்கண்ணன் இவ்வளவு நீட்ட வேண்டுமா? கோடை விடுமுறையில் ஒரு பையன் சைக்கிள் பழகுகிறான், வேறென்ன நடக்கிறது?

எனக்குக் குமாரபாளையம் பக்கம். வாடகை சைக்கிள் எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு மணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று. மட்கார்டில் பெயின்ட் அடித்த நம்பரையும் நேரத்தையும் கடைக்காரர் நோட்டில் எழுதுவார். அப்புறம் வழியில் யார் வந்தாலும் "மணி என்னங்க?" என்றுதான் கேட்போம். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு மிதிக்க வேண்டும். அதுதான் குரங்கு பெடல். பத்தடி போவதற்குள் வேலியில் கிடப்போம். என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கூடவே ஓடி வந்து, "முன்னால பாரு சாமி, கீழ பாக்காத" என்பார். அவருக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது.

அதனால்தான் படத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் நடந்தே போகும் அப்பாவை ஊரே 'நட்ராஜா சர்வீஸ்' என்று கேலி பேசும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் சைக்கிள்மேல் அவ்வளவு வெறியாக இருப்பதற்கு அந்தக் கேலியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதை அவசரமாகச் சொல்லியிருந்தால் வெறும் துணுக்காகப் போயிருக்கும்.

இன்னொன்று, கொங்குப் பேச்சு. சினிமாவில் எங்கள் 'ங்க' பெரும்பாலும் காமெடிக்குத்தான் வரும். இதில் கோபம், கெஞ்சல், வெட்கம் எல்லாம் அதே பேச்சில் வருகின்றன. பெரியவர்களை வைத்து வரும் சில நகைச்சுவைகள் மட்டும் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கண்டிப்பாகப் பாருங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவர்களோடு. இந்தப் படம் வந்த அதே நாளில் 'அரண்மனை 4' படமும் வந்திருந்தது. நாங்கள் போன காட்சியில் ஆள் குறைவு. இடைவேளையில் அப்பா கேட்டார்: "நம்மூர்க் கடைல ஏழாம் நம்பர் வண்டிக்குத்தானே கண்ணு பிரேக் பிடிக்காது?"