சம்பளமா, தொழில் வருமானமா?

கேள்வி: நான் மென்பொருள் பொறியாளர். 2025 ஏப்ரல் முதல் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். மாதம் 1,80,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பிடித்தம் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் என்னைக் 'கான்ட்ராக்டர்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் லேப்டாப் அவர்கள் கொடுத்தது. மாலை 6.30 முதல் இரவு 2.30 வரை உட்கார்ந்தே ஆக வேண்டும். வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. அக்காவின் வளைகாப்புக்கு இரண்டு நாள் லீவு கேட்டேன், மேனேஜர் தரவில்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு வரியே கிடையாது என்கிறார் அப்பா. 'தொழில் வருமானம்னு காட்டு, ஒரு ரூபாய்கூட வராது' என்கிறாள் தோழி. நான் எதைக் காட்டுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவுக்குப் பதில். வளைகுடாவில் இருக்கும் உறவினர் அனுப்பும் பணத்தை வைத்து அவர் அப்படி நினைத்திருக்கலாம். அவர்கள் அங்கேயே வசித்து, அங்கே உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். அதனால் இங்கே அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. நீங்கள் வசிப்பதும் உழைப்பதும் பாளையங்கோட்டையில். பணம் டாலரில் கிளம்பி வந்தாலும் அது இந்தியாவில் வரிக்குரிய வருமானம்தான். வேலையில் சேரும்போது டபிள்யூ-8பென் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று காட்டி, அங்கே வரி பிடிக்காமல் இருப்பதற்காக வாங்குவது அது. 'வரி விஷயம் முடிந்தது' என்று அதை நம்பி உட்கார்ந்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

தோழி சொன்ன கணக்கு தவறில்லை. உங்கள் ஆண்டு வரவு 21,60,000 ரூபாய். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (சொந்தமாகத் தொழில்முறைச் சேவை செய்கிறவர்களுக்கானது) வந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம்: 10,80,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதே பணம் சம்பளம் என்றால் 75,000 நிலையான கழிவு போக 20,85,000. செஸ் சேர்த்து வரி 2,30,100 ரூபாய். (2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்துவிட்டாலும், 2025-26 கணக்குக்குப் பழைய சட்டம்தான்.)

இத்தனை வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் கை அந்தப் பக்கம்தான் போகும். ஆனால் எது லாபம் என்று பார்த்து நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விஷயமல்ல இது. உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

தூத்துக்குடி உப்பளங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சௌராஷ்டிரத்து உப்பளம் ஒன்றில் இதே கேள்வி வந்து, 1956-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே உப்பு விளைவித்தவர்களுக்கு எடைக் கணக்கில்தான் கூலி. நேரக் கட்டுப்பாடு இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்தார்கள், ஆள் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. 'இவர்கள் ஒப்பந்தக்காரர்கள்' என்றது நிர்வாகம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பாத்தி போடுவதிலிருந்து உப்பு எடுப்பது வரை நிர்வாகத்தின் மேற்பார்வை இருந்தது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமை அவர்களிடம் இருந்ததால் இவர்கள் தொழிலாளர்களே என்றது. அது தொழில் தகராறு வழக்கு, வரி வழக்கு அல்ல. ஆனாலும் வேலைக்காரரா, ஒப்பந்தக்காரரா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும் இந்தக் கட்டுப்பாடு முக்கியமான அளவுகோல். நேரம்கூடக் கேட்கப்படாத அவர்களே தொழிலாளர்கள் என்றால், 6.30-க்கு உட்கார வேண்டிய உங்களை என்ன சொல்வது? என் கருத்தில், உங்கள் நிலைமை சம்பளத்தின் பக்கம்தான் சாய்கிறது.

இன்னொரு சிக்கலை உங்கள் தோழி யோசிக்கவில்லை. சேவைத் தொழில் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். ஏற்றுமதியும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் 11 மாத வரவு 19,80,000. பன்னிரண்டாவது மாதம் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். கான்ட்ராக்டர் என்றால் பதிவு செய்து, எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, வரி இல்லாத ஏற்றுமதியாகக் காட்ட வேண்டும். ஊழியர் முதலாளிக்குச் செய்யும் வேலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. வருமான வரிக்குக் கான்ட்ராக்டர், ஜிஎஸ்டிக்கு ஊழியர் என்று இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

அதனால் தோழியின் பேச்சை மட்டும் வைத்து ரிட்டர்ன் போடாதீர்கள். ஒப்பந்தம், வங்கியில் வாங்கிய அந்நியச் செலாவணிச் சான்று, அந்த லீவு மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றையும் ஒரு நல்ல ஆடிட்டரிடம் காட்டுங்கள். முடிவு எதுவானாலும் 2,30,100 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். தொழில் என்று காட்டி, பிறகு துறை அதைச் சம்பளம் என்று மாற்றினால், வரியோடு மாதம் 1 சதவீத வட்டியும், குறைத்துக் காட்டியதற்கு வரியில் பாதி அபராதமும் கேட்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. உங்களிடம் ஊழியருக்குரிய கட்டுப்பாடு அத்தனையும் வாங்கிக்கொண்டு, ஊழியருக்குரியது எதையும் அவர்கள் தரவில்லை. பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, நாளைக்குக் குழந்தை பிறந்தால் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பும் இல்லை. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஒரே மின்னஞ்சலில் வேலை போனது. லேப்டாப்பைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் அவன் தலையில்தான் விழுந்தது. அவன் ரசீதோடு வந்து, 'இதையாவது செலவில் காட்டலாமா சார்?' என்று கேட்டான்.

நிறுவனத்தோடு பேசுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்காக இங்கே ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளமும் பிஎஃப்பும் போடும் இந்திய நிறுவனங்கள் இருக்கின்றன. அதன் வழியாக ஊழியராக்கச் சொல்லலாம். முடியாது என்றால், சரி, உண்மையான கான்ட்ராக்டராகவே நடத்தட்டும். நேரக் கட்டுப்பாடும் வேறு வேலை கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்திலிருந்து போகட்டும். விலக்குவதற்கு முன் இரண்டு மாத அவகாசம் என்று எழுதி வாங்குங்கள். பிஎஃப்புக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்துத் தொகையைக் கூட்டிக் கேளுங்கள்.

அப்புறம், அடுத்த முறை வீட்டில் விசேஷம் வரும்போது 'லீவு கிடைக்குமா?' என்று கேட்காதீர்கள். 'இந்த இரண்டு நாளும் நான் இருக்க மாட்டேன், வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்' என்று எழுதுங்கள். என்ன பதில் வருகிறதோ, அதையும் ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.