ராலேயில் சும்மா இருந்த தளபதி

கேள்வி: தப்பு நடந்தால் கீழே இருப்பவர் தலையில் கட்டிவிட்டு மேலதிகாரி நழுவிவிடுவதுதானே வழக்கம்? ராணுவத்திலாவது விதிவிலக்கு உண்டா?
- வாசகர், நாமக்கல்

பதில்: உண்டு. எனக்குப் பிடித்த ஆள் கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்பின் தலைமைத் தளபதி.

1865 ஏப்ரல். தென்தரப்பின் தலைமைத் தளபதி லீ சரணடைந்துவிட்டார், லிங்கன் கொலையாகிவிட்டார். வட கரோலினாவில் ஒரு பண்ணை வீட்டில் கிராண்டின் கீழிருந்த ஷெர்மன், எதிர்த் தளபதி ஜான்ஸ்டனோடு 18ஆம் தேதி ஒப்பந்தம் போட்டார். ஆயுதத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் வம்பில்லை. தென் மாநில அரசுகளுக்கு அங்கீகாரம், மக்களுக்குச் சொத்துரிமை, அரசியல் உரிமை என்று தனக்குச் சம்பந்தமில்லாததற்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டார். அரசியல் பேசக் கூடாது என்று மார்ச் 3ஆம் தேதியே கிராண்டுக்கு உத்தரவு வந்திருந்தது. அதன் நகலை ஷெர்மனுக்கு யாரும் அனுப்பவில்லை! (இது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான்.)

வாஷிங்டனில் அமைச்சரவை கொதித்தது, ஒப்பந்தத்தை நிராகரித்தது. ஒப்பந்தம் தவறு என்று கிராண்டும் சொன்னார், ஆனால் ஷெர்மனைக் குறைகூறி ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்படை அமைச்சர் வெல்ஸ் இதைத் தன் நாட்குறிப்பில் மெச்சி எழுதியிருக்கிறார். நேரில் போய் படையை நீங்களே நடத்துங்கள் என்று போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டன் கிராண்டை அனுப்பினார்.

24ஆம் தேதி சத்தமில்லாமல், ஷெர்மன் இருந்த வட கரோலினாவின் ராலே நகருக்குப் போய் இறங்கினார் கிராண்ட். வேறு யாராவது என்றால் முதல் வேலையாக நாற்காலியைப் பிடுங்கியிருப்பார்கள். இவரோ, 48 மணி நேரத்தில் போர்நிறுத்தம் முடிகிறது என்று ஷெர்மனையே ஜான்ஸ்டனுக்கு எழுதவைத்தார். மறுபடி பேசப் போனதும் ஷெர்மன்தான். கிராண்ட் ராலேயிலேயே இருந்துகொண்டார். கூடப் போயிருந்தால் ஷெர்மனின் மானம் எதிரியின் கண்ணெதிரே போயிருக்கும். 26ஆம் தேதி, அரசியல் கலக்காமல், லீக்குக் கொடுத்த அதே நிபந்தனைகளில் கையெழுத்தானது. சுமார் 89,000 வீரர்கள் சரண். தாளின் அடியில் கிராண்டின் ஒப்புதல் மட்டும்.

ஸ்டான்டன் அதற்குள் விஷயத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். தென்தரப்பு அதிபர் டேவிஸ் தங்கத்தோடு தப்பிக்க ஷெர்மன் வழிவிடுகிறார் என்கிற தொனியில்! ஒப்பந்தத்தை நிராகரித்தது நியாயம், இப்படித் தண்டோரா போட்டது அக்கிரமம் என்பது என் கட்சி. ஷெர்மனும் மறக்கவில்லை. மே 24 வெற்றி அணிவகுப்பு மேடையில் ஸ்டான்டன் நீட்டிய கையை, அத்தனை பேர் பார்க்க, தொடாமல் நகர்ந்தார். கிராண்டுக்குக் கை கொடுத்தார்.