சீமாறா, வாரியலா? வட்டாரத் தமிழ்: வாசகர் கேள்வி-பதில்

வட்டாரப் பேச்சு குறைந்து வருவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ‘எந்த ஊர்த் தமிழ் சுத்தம்?’ என்ற சண்டைகளை ஒதுக்கிவிட்டு, கையில் வேலையோடு கேட்டவர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அம்மா ‘ஒறம்பரை வந்திருக்காங்க’ என்பார். நான் ‘சொந்தக்காரங்க’ என்கிறேன். மகள் ‘கெஸ்ட்’ என்கிறாள். மூன்று தலைமுறையில் இப்படி ஆனதற்கு டிவிதானே காரணம்? (கோபிசெட்டிபாளையம் வாசகி)

பதில்: டிவிமேல் பழியைப் போட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் கணக்கு உதைக்கிறது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975-இல். தனியார் சேனல்கள் வந்தது 1990-களில். கொங்கு நாட்டுக் கிணற்றடிச் சொற்கள் அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டன. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியபின் தோட்டங்களுக்கு மெல்ல மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ‘கவலை’ நின்றது. கவலை நின்றதும் சால், பறி, வடக்கயிறு, வால்கயிறு, மாடு இறங்கி ஏறும் வாரி எல்லாம் ஒருசேரப் பேச்சிலிருந்து கழன்றுகொண்டன. அளவைச் சொற்களுக்கும் இதே கதிதான். கொங்கில் 4 படி ஒரு வள்ளம். நெல்லைச் சீமையில் 21 மரக்கால் ஒரு கோட்டை. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, கடைகளில் கிலோவும் லிட்டரும் நிலைத்தபின் வள்ளத்துக்கும் கோட்டைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பொருள் போனால் சொல்லும் போகும். இந்த வகையைத் தடுக்க வழியில்லை. எழுதியும் பதிந்தும் வைக்கத்தான் முடியும்.

பேச்சின் இழுவையும் ராகமும் வேறு வழியில் போகின்றன. ஒருவர் தினமும் யாரோடு முகம் பார்த்துப் பேசுகிறாரோ, அவர் பேச்சுதான் நாக்கில் ஒட்டும். எட்டு மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தாலும், திருப்பூர் பனியன் கம்பெனியில் பல ஊர்க்காரர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தாலும், எல்லோருக்கும் புரிகிற பொதுப்பேச்சு ஒன்று தானாக உருவாகிவிடுகிறது. டிவி ஒரு சொல்லைக் கொடுக்கலாம், ஒரு கிண்டலைக் கொடுக்கலாம். நாக்கைத் திருப்புவது பக்கத்து இருக்கைக்காரர்தான்.

உங்கள் ‘ஒறம்பரை’ இந்த இரண்டிலும் சேராது. உறவினர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தச் சொல் போனது கூச்சத்தால். பட்டிக்காட்டுப் பேச்சு என்று யாரோ சிரித்ததால் வாயை மூடிக்கொண்ட சொற்கள் இவை. நாம் ஏதாவது செய்ய முடிகிற வகை இது ஒன்றுதான். மகளுக்குப் பட்டியல் போட்டுக் கற்றுத்தர வேண்டாம். அவள் எதிரில் நீங்கள் மறுபடி ‘ஒறம்பரை’ என்று சொல்லத் தொடங்கினால் போதும்.

கேள்வி: தாத்தாவுக்கு 84 வயது. பனைத்தொழில் செய்தவர். அவர் சொற்களைத் தொகுக்க நினைக்கிறேன். போனை நீட்டினால் போதும், ரேடியோச் செய்தி வாசிப்பவர்போலப் பேச ஆரம்பித்துவிடுகிறார்! (தென்காசி வாசகர்)

பதில்: எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்நியர் முன்னாலும் கருவி முன்னாலும் ‘நல்ல தமிழ்’ பேச வேண்டும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அதை உடைக்கச் சில வழிகள் உண்டு. தாத்தாவைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். அவர் வயதொத்த, கூடத் தொழில் செய்த ஒருவரையும் அழைத்து வாருங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசட்டும், நீங்கள் ஓரமாக இருங்கள். முதல் பத்து நிமிடம் எப்படியும் வீண். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். யாராவது ஒரு பழைய வழக்கு, பங்காளிச் சண்டை என்று ஆரம்பித்தால் பேச்சு தானாகத் தன் ஊருக்குத் திரும்பிவிடும்.

கேட்கும் விதம் இதைவிட முக்கியம். ‘இதுக்கு என்ன பேரு?’ என்று கேட்டால் புத்தகச் சொல் வரும். ‘முத நாள் பாளைய என்ன செய்வீய, அடுத்து என்ன செய்வீய?’ என்று வேலையின் வரிசையைக் கேளுங்கள். மரமேறக் காலில் மாட்டும் தளைநார், அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டி, கலயம், பதநீர் காய்ச்சும்போது பாதியில் கெட்டிப்படும் கூப்பனி, கடைசியில் சிரட்டையில் ஊற்றுவது என்று ஒவ்வொன்றும் அதன் வினையோடு சேர்ந்து வந்து விழும். தொகுப்பவர்கள் பெரும்பாலும் வினைச்சொற்களைத்தான் கோட்டை விடுகிறார்கள். ‘கலயம்’ எந்த அகராதியிலும் கிடைக்கும். கலயத்தை இவர் ‘கட்டுகிறாரா’, ‘மாட்டுகிறாரா’, ‘வைக்கிறாரா’ என்பது தாத்தாவிடம்தான் கிடைக்கும்.

போனில் ‘வேவ்’ வடிவத்தில் பதியும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்பி ஆகும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் பதியவே கூடாது. அது ஒலியை நசுக்கிவிடும், பிறகு ‘ற’, ‘ர’ வேறுபாட்டைக் கேட்டுப் பிரிப்பது கஷ்டம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். கட்டில் சட்டத்திலோ ஸ்டூலிலோ வெறுமனே வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறும். ஃபேனை நிறுத்த முடியாவிட்டால் திண்ணைக்குப் போய்விடுங்கள். தகரக் கூரை, மொட்டைச் சுவர் அறை இரண்டும் எதிரொலிக்கும். ஒரு அமர்வுக்கு 30–40 நிமிடம் போதும்; அதற்குமேல் பெரியவர் களைத்து, கேட்டதற்கெல்லாம் ‘ஆமா’ போடுவார்.

பல்செட் உண்டா, பல் விழுந்திருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். பல் இல்லாததால் மாறிய ‘ச’வையும் ‘த’வையும் வட்டார ஒலிப்பு என்று எண்ணி மோசம் போகிறவர்கள் உண்டு.

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. தலைப்பில் சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கீழே பொருள். அதன்கீழ் அவர் வாயால் வந்த முழு வாக்கியம். பிறகு ஊர், வட்டம், பேசியவரின் வயது, ஆணா பெண்ணா, தொழில், 15 வயதுவரை வளர்ந்த ஊர், தேதி, ஒலிக்கோப்பில் எத்தனையாவது நிமிடம். மாதிரிக்கு: ‘தட்டட்டி. மொட்டைமாடி. “வத்தல தட்டட்டில காயப் போட்டிருக்கேன், காக்கா வருதான்னு பாருல.”’ இந்த வாக்கியம் இல்லாவிட்டால் அந்த அட்டை பாதிக்குமேல் பயனற்றது. வளர்ந்த ஊரைக் கேட்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: பாட்டிகள் பெரும்பாலும் வாக்கப்பட்டு வந்தவர்கள். அவர்கள் பேச்சில் பாதி பிறந்த வீட்டுடையது.

ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். எனவே பத்து மணி நேரம் பதிந்து குவிக்காமல், ஒன்றைப் பதிந்து எழுதி முடித்தபின் அடுத்ததற்குப் போங்கள். எழுதும்போதுதான் எதைக் கேட்காமல் விட்டோம் என்று தெரியும். தாத்தா இருக்கும்போதே கேட்டுவிடலாம்.

கேள்வி: ‘வந்தாய்ங்க’ என்று எழுதியதற்கு என் மகனின் நோட்டில் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். அகராதியில் இல்லாவிட்டால் தவறான தமிழா? (மதுரை வாசகர்)

பதில்: பரீட்சைத் தாளில் ‘வந்தார்கள்’ என்றுதான் எழுத வேண்டும், அதில் விவாதம் வேண்டாம். எழுத்துத் தமிழ் எல்லா ஊருக்கும் பொது என்பதால்தான் நெல்லைக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் ஒரே பத்திரிகையைப் படிக்க முடிகிறது. ஆனால் வீட்டுப் பேச்சிலும் திருத்த ஆரம்பித்தால் அது ஆசிரியரின் வேலை அல்ல. இந்த ஒரு வினையே ஊருக்கு ஊர் என்னவாகிறது பாருங்கள்: சென்னையில் ‘வந்தாங்க’, மதுரையில் ‘வந்தாய்ங்க’, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ‘வந்தாக’, நெல்லையில் ‘வந்தாவ’. பன்மை விகுதி ஒவ்வொரு ஊரிலும் ஒரு விதமாகத் தேய்ந்திருக்கிறது; ஒவ்வொன்றும் தன் ஊரில் ஒழுங்காக எல்லா வினைக்கும் வருகிறது. இஷ்டத்துக்குப் பேசுவது இலக்கணமில்லாதது, இது அப்படியல்ல.

தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கு, அதாவது வட்டாரங்களில் வழங்கும் சொல்லுக்கு, இடம் கொடுத்திருக்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்களில் ஒன்று, குட்டநாட்டார் (இன்றைய கேரளப் பகுதியினர்) தாயைத் ‘தள்ளை’ என்பர் என்பது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே ‘தள்ள’ இன்னும் காதில் விழும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) நாஞ்சில் நாடு, திருநெல்வேலி, யாழ்ப்பாணம் என்று இடம் குறித்தே பல சொற்களை எடுத்துக்கொண்டது. 1982-இல் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கென்றே அகராதி கொண்டுவந்தார். மற்ற வட்டாரங்களுக்கும் அதன்பின் வந்தன. இவற்றிலெல்லாம் இல்லாத சொல் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஊரில் யாரும் இன்னும் உட்கார்ந்து எழுதவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம். பிள்ளைகள் இங்கே பிறந்தவை. ‘உது’, ‘உவன்’, ‘உங்கை’ எல்லாம் அவையின்ரை வாயிலை வருகுதில்லை. எப்பிடிப் பழக்கிறது? (டொராண்டோ வாசகி)

பதில்: தமிழ்நாட்டுப் பேச்சில் எப்போதோ தொலைந்துபோன சுட்டு அது. ‘அ, இ, உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். இங்கே இரண்டுதான் மிச்சம். உங்கள் பிள்ளைகள் பார்க்கும் படங்களும் சீரியல்களும் பெரும்பாலும் இங்கிருந்து வருவதால் ‘இது–அது’ மட்டுமே காதில் விழுகிறது, ஆங்கிலத்திலும் இரண்டுதான். இரண்டு பக்கமும் அழுத்தினால் நடுவில் இருப்பது நசுங்கத்தான் செய்யும்.

விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாது, கையால் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசை நல்ல இடம். உங்கள் கையில் இருப்பது இது, பிள்ளையின் பக்கத்தில் இருப்பது உது, தூரத்தில் அடுப்படியில் இருப்பது அது. ‘உதை இஞ்சை தா’ என்று கேளுங்கள். பிள்ளை வேறு எதையாவது எடுத்தால் திருத்தாமல் ‘அதில்லை, உது’ என்று கையைக் காட்டுங்கள். பிள்ளை சொன்ன கதையைக் குறிக்கவும் அதுவே வரும்: ‘உதை ஆர் சொன்னது?’ போனில் இதைப் பழக்க முடியாது, எதிரில் ஆள் இருக்க வேண்டும். அம்மம்மாவுடன் வீடியோவில் பேசுவதைவிட, ஒரு விடுமுறைக்கு அவரோடு சமையலறையில் விட்டால் வேகமாகப் பிடிக்கும்.

கேள்வி: குறும்படத்தில் கோவைக்காரப் பாத்திரம். எல்லா வாக்கியத்திலும் ‘ங்க’ சேர்த்தால் போதுமா? (சென்னை வாசகர்)

பதில்: போதாது, கெடுதலும்கூட. ‘ங்க’ மரியாதைக்கு வருவது. தன்னைவிடச் சிறியவனிடம், கோபத்தில், தனக்குள் பேசும்போது அது வராது. நண்பனிடம் ‘என்றா பண்ணீட்டிருக்கற’ என்பவர் அடுத்த நொடி அவன் அப்பாவிடம் ‘வாங்க, நல்லாருக்கீங்ளா’ என்பார். அந்த மாற்றம்தான் கொங்குப் பேச்சு. ‘என்னுடைய’ என்பதற்கு ‘என்ற’, ‘சொல்லிட்டேன்’ என்பதற்குச் ‘சொல்லிப்போட்டேன்’, அந்தப் பக்கம் என்பதற்கு ‘அக்கட்டால’. இந்த மூன்றையும் சரியான இடத்தில் வைத்துவிட்டு ‘ங்க’வைப் பாதியாகக் குறையுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை வசனத்தைப் ‘படிக்க’ச் சொல்லாதீர்கள், காட்சியைச் சொல்லி அவர் வாயால் பேசச் சொல்லிப் பதிந்து, அதிலிருந்து எழுதுங்கள்.

கேள்வி: மாணவர்களை வைத்து எங்கள் ஊரில் எந்தச் சொல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கெடுக்க ஆசை. எப்படி? (நாமக்கல் ஆசிரியை)

பதில்: 30 பொருள்களின் படம் எடுங்கள். வயதுப் பிரிவு மூன்று: 65-க்கு மேல், 35–50, 20-க்குக் கீழ். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண், இரண்டு பெண். ஆக 12 பேர், 360 விடைகள். ஒரு வகுப்பு இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிடும். படத்தைக் காட்டி, தானாகச் சொன்னால் 2, நீங்கள் சொன்னபின் ‘தெரியும், நாங்க சொல்றதில்ல’ என்றால் 1, தெரியாவிட்டால் 0. பெரியவர்களிடம் 2, நடுவயதில் 1, சிறியவர்களிடம் 0 என்று இறங்கும் சொற்கள்தான் உங்கள் வேலைக்கு உரியவை.

முதலிலேயே சாப்பாட்டுத் தட்டைக் காட்டி ‘இதை வட்டல்னு சொல்வீங்களா?’ என்று கேட்டுவிட்டால் போச்சு, எல்லோரும் தலையாட்டுவார்கள். படத்திலும் கவனம் வேண்டும். துடைப்பத்தையே எடுத்துக்கொண்டால், ஈர்க்குச்சியில் கட்டியதும் பூப்புல்லில் கட்டியதும் ஒரே வீட்டிலேயே வேறு பெயர் பெறலாம். எந்தப் படம் என்று தெரியாமல் ‘சீமாறு குறைந்து துடைப்பம் கூடிவிட்டது’ என்று முடிவுகட்டினால், மாறியது சொல்லா, பொருளா என்று தெரியாது. நெல்லை, குமரியில் வாரியல் என்பதை ஒப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஓணானையும் பச்சோந்தியையும் படத்தில் குழப்பினால், ஓணானைக் குறிக்கும் ‘ஒடக்கான்’ கணக்கு கெடும். கிழங்கைப் படமாகக் காட்டாமல் நிஜக் கிழங்கையே கொண்டுபோங்கள். உங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள், குமரியில் மரச்சீனி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரவள்ளி என்பார்கள்.

சாதிக்குச் சாதி சொல் மாறுவது உண்மை, உறவுப்பெயர்களில் அதிகம். மாணவர்களை விட்டு அதைக் கேட்கச் சொல்லாதீர்கள். அவர்களாகச் சொன்னால், நீங்கள் மட்டும் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொகுத்ததை எங்கே வைப்பது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பேசியவரிடம் முதலில் சம்மதம் வாங்குங்கள், ஒலியிலேயே பதிந்தால் போதும். குடும்பச் சண்டை வரும் பகுதியை வெட்டிய பிரதியை மட்டும் வெளியே கொடுங்கள். சொற்களையும் வாக்கியங்களையும் இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் ஏற்றலாம். ஈழத்துப் பதிவுகளுக்கு ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இருக்கிறது. மூலக்கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கோப்புக்கு ‘தாத்தா புதுசு 2’ என்று பெயர் வைக்காமல் ஊர், தேதி, வரிசை எண் மூன்றையும் போடுங்கள். அட்டையிலும் அதே பெயரை எழுதுங்கள்.