ரெண்டு நீலம்

அன்புள்ள ஐயா,

காலை நடையில் எதிர்ப்படுகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். நானும் ஒன்றரை வருடமாக எங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள் தினமும் 12 சுற்று நடக்கிறேன். பத்தாயிரம் அடியைத் தொட்டுவிடுவேன். ஆனால் எனக்கு ஒன்றுமே நடப்பதில்லை. வணக்கம், வணக்கம், அவ்வளவுதான். உங்களுக்கு மட்டும் எப்படி? கொஞ்சம் கற்பனையும் கலக்கிறீர்களா? அப்புறம், உங்கள் குறிப்புகளில் யாருக்கும் பெயரே இல்லையே, ஏன்?

எஸ்., பெருங்களத்தூர்

அன்புள்ள எஸ்.,

கற்பனை கலக்கும் அளவுக்கு அந்த நேரத்தில் எனக்கு மூளை விழித்திருக்காது. காபியே திரும்பி வந்த பிறகுதான்.

முதலில் அந்தப் பத்தாயிரம். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள் அதற்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். அந்த வியாபாரப் பெயர்தான் இன்று உங்கள் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எண்ணுங்கள், தப்பில்லை. ஆனால் சுற்றை எண்ணிக்கொண்டு போகிறவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பேச்சுக் கொடுக்கத் தோன்றாது. தவிர, நடக்கிறவரும் நடக்கிறவரும் சந்தித்தால் வணக்கம்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் தெருவில் வேலையாக இருப்பவர்களிடம்தான் பேச்சு இருக்கிறது. ஒருநாள் கேட்டைத் தாண்டிப் போய்ப் பாருங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் நடப்பதால் ஒரு சலுகை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி முழுக்க அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானை மேல், பெருமாளுக்குத் தீர்த்தம் வரும். (மற்ற மாதங்களில் கொள்ளிடத்துத் தண்ணீர், வெள்ளிக் குடம்.) யானை எதிரே வந்தால் யாருக்கும் நாலு வரி எழுத வந்துவிடும். அதை விடுங்கள்.

எனக்கு உருப்படியாக ஓர் அறிமுகம் கிடைத்தது செருப்பு பிய்ந்ததால். கீழச்சித்திரை வீதி தாண்டியதும் வார் அறுந்துபோய், ஒன்று காலிலும் ஒன்று கையிலுமாக நின்றேன். பால் போடும் அம்மா ஒருவர் வண்டியை நிறுத்தி, தாலிக்கயிற்றிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

“இதக் குத்திக்கிட்டு வீடு போய்ச் சேருங்க சார். தெனம் அஞ்சே முக்காலுக்கு இந்த எடத்தத் தாண்டிருவீங்க. இன்னைக்குப் பத்து நிமிஷம் லேட்டு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவை நான்தான் கவனிக்கிறேன் என்ற இறுமாப்பில் இருந்தவன் நான். அவரை அதற்கு முன் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்கித் தாலியிலேயே மாட்டிக்கொண்டார். அந்த மாதமே எங்கள் வீட்டுப் பாலையும் அவரிடம் மாற்றிவிட்டேன். ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு 6 என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அவருக்கு அது ஜாதகம். நீலம் மட்டும் வாங்குகிற வீட்டில் திடீரென்று ஓர் ஆரஞ்சு சேர்ந்தால் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். நீலம் ரெண்டு நாலானால் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். பாதிக்குப் பாதி சரியாக இருக்கிறது என்று என் மனைவி விசாரித்துச் சொன்னாள்.

ஒரு வீட்டில் மட்டும், போன வருடம், ஒரு லிட்டர் அரை லிட்டரானது. அதற்கு அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் கேட்டில் தொங்கும் ஒயர் கூடையில் போட்டுவிட்டுப் பறக்கிறவர், அங்கே வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, மணியடித்து, உள்ளேயிருந்து அந்தப் பெரியவர் வந்து தாழ்ப்பாளை நீக்கும் வரை நின்று கையில்தான் கொடுக்கிறார். நாலைந்து நிமிடம் ஆகும். அந்த வழியாக நடக்கும்போது நானும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறேன்.

பெயர் கேட்டிருந்தீர்கள். பால் போடும் அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது, இத்தனை நாள் கழித்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவருக்கும் என் பெயர் தெரியாது. போன வாரம் பேப்பர் போடும் பையன் விலாசம் புரியாமல் தெருமுனையில் விழித்துக்கொண்டு நின்றான். அவர் என்னைக் கைகாட்டி, “அதோ போறாரு பாரு, ரெண்டு நீலம், அவரு வீட்டுக்கு எதிர்வீடு” என்றார்.