லெகோ டெக்னிக், மெக்கானோ மாதிரியான பொம்மைகளில் உண்மையான இயந்திர வடிவமைப்பு இருக்கிறதா, இல்லை பெரியவர்கள் வாங்கி வைக்கும் ஷோகேஸ் பொருள்தானா?

இருக்கிறது. ஆனால் எல்லாப் பெட்டியிலும் இல்லை.

கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்களிடம் யாரோ "இந்த வயசுல பொம்மையா?" என்று கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல ஒரு நியாயம் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் ஒன்று சொல்கிறேன், நியாயம் சொல்ல வேண்டிய கட்டாயமே உங்களுக்கு இல்லை. ராத்திரி முழுக்க சீரியல் பார்ப்பவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நான் பொறியாளர் இல்லை. படித்தது வணிகவியல், பார்ப்பது கணக்கு வேலை. "நீ என்ன பெரிய இன்ஜினியரா?" என்று பின்னூட்டத்தில் கேட்கக் காத்திருப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனிக்கும் நான் விளம்பரம் செய்யவும் இல்லை. பல வருடமாகக் கியரும் அதைச் சுமந்து சுற்றும் தண்டான ஆக்சிலுமாக உட்கார்ந்து கையில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மெக்கானோவுக்கு 1901-இல் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி காப்புரிமை வாங்கினார். அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்ட உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட், பித்தளை கியர்கள். 19 பல் கியரையும் 57 பல் கியரையும் இரண்டு துளை தள்ளிப் பொருத்தினால் கச்சிதமாகக் கவ்வும், 3-க்கு 1 என்று வேகம் குறையும். இதை வைத்துக் குழந்தைகள் மட்டும் விளையாடவில்லை. 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ பாகங்களாலேயே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். அணு அமைப்பு தொடர்பான கணக்குகளுக்கு அது பயன்பட்டது. விடையில் சுமார் 2 சதவீதம்தான் பிசகு. பொம்மை என்று சொன்னவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிளாஸ்டிக் செங்கல் பொம்மைக்குப் பெயர்போன லெகோ இப்படிக் கியர் வைத்துக் கட்டும் பக்கம் வந்தது 1977-இல். டெக்னிக் என்ற பெயர் அதற்குச் சில வருடம் கழித்துத்தான் வந்தது. அதன் அடிப்படை அளவு 8 மில்லிமீட்டர். துளைக்குத் துளை 8 மிமீ, கியர்களும் அதற்கேற்றபடி அளவெடுத்தவை. 8 பல் கியரின் கவ்வும் விட்டம் 8 மிமீ, 24 பல் என்றால் 24 மிமீ. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 16, சரியாக இரண்டு துளை. 8-ஐயும் 40-ஐயும் சேர்த்தால் மூன்று துளை. 12-ம் 20-ம் இரண்டு துளை, 12-ம் 36-ம் மூன்று துளை. எந்த இரண்டு கியர் எத்தனை துளை தள்ளி உட்காரும் என்பது கொஞ்ச நாளில் கைக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

பழைய மாடல்களில், மேலே குமிழ் உள்ள பீம்களில் (பக்கவாட்டில் துளை போட்ட நீளக் கட்டைகளில்), ஒரு சிக்கல் உண்டு. படுக்கைவசத்தில் அளவு 8 மிமீ, ஆனால் செங்கல்லின் உயரம் 9.6 மிமீ. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் செங்குத்துத் துளைகள் 8-இன் மடங்கில் விழாது, கியர் கவ்வாது. இரண்டு பீமுக்கு நடுவில் 3.2 மிமீ தகடு இரண்டு வைத்தால் 9.6-ம் 6.4-ம் சேர்ந்து 16 ஆகிவிடும். இப்போது குறுக்கே ஒரு பீமை நிறுத்தி, துளைகளில் 'பின்' (pin) என்னும் சின்ன முளையைச் செருகிப் பூட்டலாம். அந்த நிமிடம் வரை ஆடிக்கொண்டிருந்த சட்டம் இறுகி நின்றுவிடும். இதை முதன்முதலில் கண்டுகொண்டபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. இது வடிவமைப்பு இல்லையென்றால் வேறு எதைத்தான் வடிவமைப்பு என்பது?

என் லாரிக் கதையைச் சொல்கிறேன், இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வழிகாட்டிப் புத்தகம் எதுவும் இல்லாமல் நானே வரைந்து கட்டிய லாரி அது. பின்சக்கரத்துக்கு மோட்டார், நடுவில் டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி), மேலே பாரம். மேஜை மேல் நன்றாக ஓடியது. ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ஏற்றினால் பாதி வழியில் 'டக் டக் டக்' என்று சத்தம் வரும், சக்கரம் நின்றுவிடும், மோட்டார் மட்டும் சுற்றும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது, பல் தாவுகிற சத்தம். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஃபரென்ஷியலுக்குப் போகும் நீள ஆக்சில் கண்ணுக்குத் தெரியும்படி முறுக்கிக்கொண்டு நின்றது. ஆக்சிலின் குறுக்குவெட்டு சிலுவை வடிவம் என்பதால் முறுக்கு நன்றாகத் தெரியும், நான்கு விளிம்பும் திருகாணி மாதிரி சாய்ந்திருந்தன. சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் சாய்வுப் பல் கியர்கள் பாரம் ஏற ஏற ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சட்டம் இல்லாவிட்டால் கியர் அரை மில்லிமீட்டர் விலகும். பல் தாவ அது போதும்.

டிஃபரென்ஷியலைச் சுற்றி 5×7 துளை அளவுள்ள சட்டத்தைப் பூட்டியதும் விலகல் நின்றது. ஆனால் ஆக்சில் முறுக்கிக்கொள்வது நிற்கவில்லை, காரணம் வேறு இடத்தில் இருந்தது. மோட்டாரை ஒட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டால் அங்கிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள ஒவ்வொரு பாகமும் பெரிய முறுக்கு விசையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. என் லாரியில் மோட்டாரை ஒட்டி இருந்த 3-க்கு 1 குறைப்பை அங்கிருந்து எடுத்து, கடைசியில் ஒவ்வொரு சக்கரத்தின் குடத்திலும் 8 பல், 24 பல் என்று வைத்தேன். சக்கரத்துக்குப் போய்ச்சேரும் வலு அதேதான். நடுவில் இருக்கும் ஆக்சிலும் டிஃபரென்ஷியலும் மூன்று மடங்கு வேகமாகச் சுற்றுகின்றன, மூன்றில் ஒரு பங்கு விசையைத்தான் சுமக்கின்றன. கூடவே இன்னொரு லாபம். 24 பல் கியர் இரண்டு துளை கீழே உட்கார்வதால் லாரியின் அடிவயிறு தரையிலிருந்து 16 மிமீ உயர்ந்துவிட்டது. மெர்சிடிஸ் பென்ஸின் உனிமாக் லாரி கரடுமுரடான நிலத்தில் ஓடுவது இந்த ஏற்பாட்டில்தான், போர்ட்டல் ஆக்சில் என்பார்கள். லெகோ 2011-இல் வெளியிட்ட உனிமாக் மாடலிலும் அது உண்டு. பலகையில் லாரி ஏறி மறுபக்கம் இறங்கியது.

என் மனைவியின் தம்பி இயந்திரவியல் படித்து அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவன். வீட்டுக்கு வந்தபோது, "புக்ல இருக்கறத பாத்து மாட்டறதுதானே மாமா, இதுல டிசைன் எங்க வருது?" என்றான். நான் வாதாடவில்லை. லாரியைத் தலைகீழாகக் கையில் கொடுத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னேன். திருப்பினான், உட்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்புவதைப் பார்த்ததும் குரலே மாறிவிட்டது. "இது அக்கர்மன் ஆச்சே!" என்றான். ஆமாம், அதேதான். 1818-இல் ருடால்ஃப் அக்கர்மன் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய குதிரை வண்டி ஸ்டீயரிங். வளைவில் உட்சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிச்சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் டயர் தேய்த்துக்கொண்டு போகும். அதனால் இரண்டு பக்கச் சக்கரத்தையும் திருப்பும் கம்பிக் கைகளை உள்நோக்கிச் சாய்த்து, அவற்றை நீட்டிக் கோடு போட்டால் பின் ஆக்சிலின் நடுவில் சந்திக்கும்படி வைத்திருந்தேன். அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மோட்டார் பக்கத்தைச் சுற்றிப் பார்த்தான், எங்கே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று ஒவ்வொரு கியராகத் தேடினான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

இப்போது, எல்லாப் பெட்டியிலும் இல்லை என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். கையால் தள்ளும் கார் மாடல்களில் சக்கரம்தான் என்ஜினை ஓட்டுகிறது, நிஜக் காருக்கு நேர் எதிர். கியர் மாற்றினால் தெரியும் ஒரே வித்தியாசம் பிஸ்டன் ஏறி இறங்கும் வேகம். 1994-இல் வந்த, 8880 என்ற எண்ணுள்ள லெகோ சூப்பர் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம், நான்கு சக்கரத்துக்கும் ஸ்டீயரிங், நான்கு கியர், வி8 என்ஜின். வெளிக்கூடு கிட்டத்தட்ட இல்லாததால் எல்லாம் கண்முன்னே நடக்கும். ஒரு கியரைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினால் அது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துவிடும். 2018-இல் வந்த புகாட்டி ஷிரானில் 3599 பாகம், எட்டு கியர், 16 சிலிண்டர். கட்டும்போது அந்தக் கியர்பாக்ஸ் பிரமிக்க வைக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் உடம்பை மூடியதும் அது உள்ளே போய்விடுகிறது. அத்தனை கியரையும் சுற்றவைக்க உராய்வுக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது. ஐந்தாவது கியருக்கும் ஆறாவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கியரின் எண்ணிக்கை பெட்டியின் மேல் அச்சடிக்க நன்றாக இருக்கும். நான் பார்ப்பது, இயக்கம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு நஷ்டமில்லாமல் போய்ச்சேருகிறதா என்பதை. அந்த விதத்தில் ஒரு சின்ன ஃபோர்க்லிஃப்ட் மாடல் பல பெரிய கார்களைவிட மேல்.

அழகுக்காகக் கார் மாடல் வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. நிஜக் காரின் வளைவுகளைப் பிளாஸ்டிக் பலகைகளில் கொண்டுவருவதும் ஒரு திறமைதான். ஆனால் இயந்திர வடிவமைப்பு இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அந்தத் திறமை வேறு, இது வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் பின் ஆக்சிலைப் படிப்படியாகப் படம் எடுத்துப் பொதுவில் போட்டிருந்தேன், யார் வேண்டுமானாலும் கட்டிப் பார்க்கட்டும் என்று. ஒருவர் ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டுத் தன் வடிவமைப்பு என்று போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "பொம்மை படத்துக்கெல்லாமா உரிமை கேப்பீங்க?" என்று பதில். ஒரு கவிதையையோ கோலத்தையோ அப்படி எடுத்திருந்தால் நான்கு பேராவது கேள்வி கேட்டிருப்பார்கள். ஒரு கியர் எங்கே உட்கார வேண்டும் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதும் படைப்புதான். இதை ஏன் யாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எடுத்த எடுப்பில் பெரிய காரை வாங்காதீர்கள். உதிரியாகச் சில பீம், ஆக்சில், 8 பல் கியர் இரண்டு, 40 பல் கியர் இரண்டு போதும். 8-இலிருந்து 40-க்கு, அங்கிருந்து மறுபடி 8-இலிருந்து 40-க்கு என்று கோர்த்தால் 25-க்கு 1. கடைசி ஆக்சிலில் நூல் கட்டி, முதல் ஆக்சிலில் கைப்பிடி மாட்டி, ஏதாவது கனமான பொருளைத் தூக்கிப் பாருங்கள். எந்தப் பீம் வளைகிறது, எந்தப் பின் கழன்று வருகிறது என்று கவனித்து அங்கே குறுக்குக் கட்டை கொடுங்கள். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கட்டும். ஆக்சில் நழுவாமல் இருக்க மாட்டும் புஷ்ஷைப் பீமோடு ஒட்ட அழுத்திவிடாதீர்கள், ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். அழுத்தி வைத்தால் உராய்வு கூடி எல்லாம் இறுகிப்போகும். விரலால் சுற்றினால் தங்குதடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பிறகு மோட்டாரைப் பற்றி யோசித்தால் போதும்.